மெயின் போர்டில் எஸ்.பி.டி.: அரை மீட்டர் வயரும் ஒரே எர்த்தும்

மழைக்காலத்தில் "இடி விழுந்து டி.வி. போச்சு" என்பார்கள். அதற்கு இடி அந்த வீட்டின்மேலேயே விழுந்திருக்க வேண்டியதில்லை. நாலு தெரு தள்ளி ஒரு தென்னையில் இறங்கிய மின்னலே போதும். அந்த மின்னோட்டத்தின் காந்தப்புலம் பக்கத்தில் ஓடும் இ.பி. லைனில் சில ஆயிரம் வோல்ட்டைத் தூண்டிவிடும். போஸ்ட்டிலிருந்து சர்வீஸ் வயர் வழியாக அது வீட்டுக்குள் நுழையும். வந்து போவது சில பத்து மைக்ரோ விநாடிகள்தான், எம்.சி.பி.க்கு (மின்னோட்டம் மிஞ்சினால் தானே விழும் ஸ்விட்ச்) அசையவே நேரம் கிடைக்காது. ஆனால் டி.வி.யின் பவர் போர்டுக்கும் இன்வெர்ட்டர் ஏ.சி.யின் வெளி யூனிட் போர்டுக்கும் அந்த நேரமே அதிகம்.

இதைத் தடுக்க மெயின் போர்டில் பொருத்துவதுதான் எஸ்.பி.டி., அதாவது சர்ஜ் புரொடெக்டர். இப்போது நிறைய வீடுகளில் பொருத்துகிறார்கள். பொருத்திய பிறகும் சாமான்கள் போகின்றன. பெரும்பாலும் கருவி மட்டமானதாக இருப்பதில்லை. அதற்குப் போன வயர் நீளமாக இருக்கும், அல்லது எர்த் தனியாக எங்கோ ஓடியிருக்கும். அதனால் இந்த வழிகாட்டி கருவியைவிட வயரையும் எர்த்தையும் பற்றியே அதிகம் பேசுகிறது. வயரிங் வேலைக்குப் புதிதாக வந்தவர்களுக்கும், வேலையைப் பக்கத்தில் நின்று சரிபார்க்க விரும்பும் வீட்டுக்காரர்களுக்கும் இது உதவும். வேலையைச் செய்ய வேண்டியவர் உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியன். மீட்டரின் சீலையும் அதற்கு முந்தைய பகுதியையும் யாரும் தொடக்கூடாது.

எது சர்ஜ், எது சர்ஜ் இல்லை

வீட்டுக்கு வரும் அதிக வோல்ட்டேஜில் மூன்று வகை உண்டு. மூன்றுக்கும் மருந்து வேறு.

முதலாவது, மேலே சொன்ன சர்ஜ். மின்னலால் வரும்; பெரிய மோட்டார், டிரான்ஸ்பார்மர், கெபாசிட்டர் பேங்க் ஆகியவற்றை ஆன், ஆஃப் செய்யும்போதும் வரும். மைக்ரோ விநாடிக் கணக்கில் முடியும். இதற்கு மட்டும்தான் எஸ்.பி.டி.

இரண்டாவது, 230 வோல்ட் இருக்க வேண்டிய இடத்தில் மணிக்கணக்காக 255, 260 என்று ஏறி நிற்பது. இது ஸ்டெபிலைசர் பார்க்க வேண்டிய வேலை.

மூன்றாவதுதான் நம் ஊரில் அதிகம் கெடுப்பது: நியூட்ரல் அறுந்துபோவது. மூன்று பேஸ் லைனில் நியூட்ரல் விட்டுப்போனால் லோடு குறைவாக உள்ள பேஸில் 300, 350 என்று ஏறி 400 வோல்ட் பக்கமே போய்விடும். லைன்மேன் வந்து சரிசெய்யும்வரை அப்படியே நிற்கும். எஸ்.பி.டி. இதைத் தாங்காது. மைக்ரோ விநாடிக்கு ஆயிரக்கணக்கான ஆம்பியரை விழுங்கும் கருவி, நிமிடக்கணக்காக ஓடும் சில ஆம்பியரில் சூடாகிச் செத்துப்போகும். நியூட்ரல் கோளாறுக்கு ஓவர் வோல்ட்டேஜ், அண்டர் வோல்ட்டேஜ் ரிலே தனியாகப் போட வேண்டும். அது 270 வோல்ட் வாக்கில் சப்ளையைத் துண்டித்து, நிலைமை சரியான சில நிமிடங்களுக்குப் பிறகு திரும்பக் கொடுக்கும். கையில் பணம் ஒன்றுக்குத்தான் இருக்கிறது, அடிக்கடி நியூட்ரல் போகிற தெரு என்றால் முதலில் இந்த ரிலேயைப் போடுங்கள். எஸ்.பி.டி. அடுத்து வரட்டும்.

உள்ளே இருப்பது

பெட்டிக்குள் இருக்கும் முக்கியப் பொருள் மெட்டல் ஆக்சைடு வேரிஸ்டர். துத்தநாக ஆக்சைடு பொடியை அழுத்திச் சுட்ட வில்லை அது. சாதாரண வோல்ட்டேஜில் கிட்டத்தட்டக் காப்புப் பொருளைப் போல இருக்கும். வோல்ட்டேஜ் ஒரு எல்லையைத் தாண்டினால் சில பத்து நானோ விநாடிக்குள் வழிவிட்டு, மின்னோட்டத்தைத் திருப்பிவிடும். ஒவ்வொரு பெரிய சர்ஜும் அதைக் கொஞ்சம் தேய்க்கும். தேயத் தேயக் கசிவு கூடும், சூடு கூடும். அந்தச் சூட்டில் உருகிப் பிரியும் பற்றவைப்பு ஒன்று உள்ளே இருக்கும். அது பிரிந்ததும் கருவியின் முகப்பில் உள்ள சிறு ஜன்னலில் பச்சை போய்ச் சிவப்பு வரும்.

நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையில் பெரும்பாலும் வேரிஸ்டர் இருக்காது. வாயு நிரப்பிய குழல் ஒன்று இருக்கும். அது தீப்பொறி தாண்டும்வரை முழுத் துண்டிப்பு, கசிவே கிடையாது. ஏன் இப்படி என்பது வகையைத் தேர்ந்தெடுக்கும்போது புரியும்.

எந்த வகை வேண்டும்

ஐ.இ.சி. 61643-11 தரம் எஸ்.பி.டி.யை மூன்றாகப் பிரிக்கிறது. பெட்டியின்மேல் சிறு சதுரத்துக்குள் டி1, டி2, டி3 என்று அச்சிட்டிருக்கும்.

டைப் 1, மின்னலின் நேரடி மின்னோட்டத்தில் ஒரு பங்கைத் தாங்கக் கூடியது. 10/350 மைக்ரோ விநாடி அலையில், அதாவது 10இல் உச்சத்துக்கு ஏறி 350இல் பாதியாகும் அலையில், சோதிக்கப்படும். மொட்டை மாடியில் இடிதாங்கி உள்ள கட்டடத்துக்கு இது கட்டாயம். காரணம் எளிது. இடிதாங்கியில் இறங்கும் மின்னலில் பாதி எர்த்துக்குள் போகும், மீதிப் பாதி கட்டடத்துக்குள் வரும் வயர்கள் வழியாக வெளியேறப் பார்க்கும் என்று கணக்கிடுகிறோம். 100 கிலோ ஆம்பியர் மின்னல் என்றால் பாதி 50. மூன்று பேஸும் ஒரு நியூட்ரலுமாக நான்கு வயருக்குப் பிரித்தால் தலைக்கு 12.5 கிலோ ஆம்பியர். கடையில் டைப் 1 கருவிகளில் 12.5 என்ற எண்ணை அடிக்கடி பார்ப்பது இதனால்தான்.

டைப் 2, தூண்டப்பட்டு வரும் சர்ஜுக்கானது. 8/20 மைக்ரோ விநாடி அலையில் சோதிக்கப்படும். இடிதாங்கி இல்லாத சாதாரண வீட்டுக்கு மெயின் போர்டில் இது போதும். டைப் 3, பிளக் பாயிண்ட் அருகே வைப்பது. தனியாக வைத்துப் பிரயோசனம் இல்லை, முன்னால் டைப் 2 இருக்க வேண்டும். கடையில் 'ஸ்பைக் கார்டு' என்று விற்கும் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் பலவற்றுக்குள் இருப்பது காசு அளவுள்ள ஒரே ஒரு வேரிஸ்டர் வில்லைதான். அதை மட்டும் நம்பி மெயின் போர்டைச் சும்மா விடாதீர்கள்.

அடுத்த கேள்வி: 4+0 வா, 3+1 ஆ? கடைக்காரர் பெரும்பாலும் கேட்கமாட்டார். நாம்தான் கேட்டு வாங்க வேண்டும்.

நம் வீடுகளில் பெரும்பாலும் நியூட்ரல் டிரான்ஸ்பார்மர் பக்கம் எர்த் செய்யப்பட்டிருக்கும், வீட்டின் எர்த் தனிக் குழியில் இருக்கும். இரண்டையும் இணைப்பது மண் மட்டுமே. இந்த அமைப்பில் பேஸுக்கும் எர்த்துக்கும் இடையே நேராக வேரிஸ்டரை வைத்தால் (4+0), ஒருநாள் அது ஷார்ட் ஆகும்போது மின்னோட்டம் மண் வழியாகத்தான் திரும்பியாக வேண்டும். மண்வழி மொத்தம் 5 ஓம் என்று வைத்துக்கொள்ளுங்கள்: 230ஐ 5ஆல் வகுத்தால் 46 ஆம்பியர். 63 ஆம்பியர் மெயின் ப்யூஸ் இதற்குப் போகவே போகாது. வீட்டின் எர்த் வயர் முழுக்க, அதாவது கிரைண்டர் உடம்பும் பிரிட்ஜ் கதவும், கரண்டில் நிற்கும்.

3+1 அமைப்பில் மூன்று வேரிஸ்டர்களும் பேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையில். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவில் வாயுக் குழல். வேரிஸ்டர் ஷார்ட் ஆனாலும் மின்னோட்டம் நியூட்ரல் என்ற உலோகப் பாதையில் பாயும், ப்யூஸ் உடனே போகும். சிங்கிள் பேஸுக்கு இதே அமைப்பு 1+1. தனிக் குழி எர்த் உள்ள வீட்டில் ஆர்.சி.சி.பி.க்கு (எர்த்துக்குக் கரண்ட் கசிந்தால் சப்ளையைத் துண்டிக்கும் ஸ்விட்ச்) முன்னால் பொருத்தும் எஸ்.பி.டி. 3+1 அல்லது 1+1 ஆகத்தான் இருக்க வேண்டும்.

பெட்டியில் அச்சிட்ட எண்கள்

யு.சி. என்பது கருவி நாள் முழுக்கத் தாங்கும் வோல்ட்டேஜ். 275, 320, 385 என்று கிடைக்கும். 275 சட்டப்படி சரிதான். ஆனால் இரவு லோடு குறைந்ததும் 250ஐத் தாண்டும் ஊர்கள் நம்மிடம் நிறைய. அங்கே 275 சீக்கிரம் களைத்துப்போகும். 320 போடுவது நல்லது. நியூட்ரல் தொல்லை அதிகமுள்ள கிராமப்புற லைனில் 385 வரை போகலாம். ஆனால் யு.சி. ஏறினால் அடுத்த எண்ணும் ஏறும் என்பதை நினைவில் வையுங்கள்.

யு.பி. என்பது சர்ஜ் வரும்போது கருவி மிச்சம் விடும் வோல்ட்டேஜ். 1.5 கிலோ வோல்ட் அல்லது அதற்குக் குறைவாக இருக்க வேண்டும். 230 வோல்ட் அமைப்பில் பிரிட்ஜ், வாஷிங் மெஷின் போன்ற சாதாரண வீட்டுச் சாமான்கள் 2.5 கிலோ வோல்ட் வரையும், நுண்ணிய மின்னணுச் சாமான்கள் 1.5 வரையும் தாங்கும்படி வகைப்படுத்தப்பட்டிருக்கின்றன. இந்த 2.5 என்ற எண் பின்னால் வரும் கணக்குக்கு வேண்டும்.

ஐ.என். என்பது திரும்பத் திரும்பத் தாங்கும் மின்னோட்டம், ஐ.மேக்ஸ். ஒருமுறை தாங்கும் உச்சம். வீட்டுக்கு ஐ.என். 20 கிலோ ஆம்பியர், ஐ.மேக்ஸ். 40 என்ற கருவி தாராளம். ஐ.மேக்ஸ். எண்ணை மட்டும் பெரிதாகப் போட்டு ஐ.என். எங்குமே அச்சிடாத கருவியை வாங்காதீர்கள்.

அரை மீட்டர் கணக்கு

ஒரு மீட்டர் நேரான வயருக்கு ஏறத்தாழ 1 மைக்ரோ ஹென்றி இண்டக்டன்ஸ், அதாவது மின்னோட்டம் சட்டென மாறுவதை எதிர்க்கும் குணம், உண்டு. 50 ஹெர்ட்ஸில் அது ஒன்றுமே இல்லை. ஆனால் 8 மைக்ரோ விநாடியில் 10 கிலோ ஆம்பியர் ஏறும்போது அதே ஒரு மீட்டரில் 1.25 கிலோ வோல்ட் விழும்.

இப்போது வழக்கமாகப் பார்க்கும் காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். மெயின் போர்டில் இடம் இல்லை என்று எஸ்.பி.டி.யைப் பக்கத்துப் பெட்டியில் வைத்து, பேஸிலிருந்து 1 மீட்டர், எர்த்துக்கு 1 மீட்டர் வயர் இழுத்திருப்பார்கள். மொத்தம் 2 மீட்டர், 2.5 கிலோ வோல்ட். கருவியின் மிச்சம் 1.5. இரண்டும் சேர்ந்து 4 கிலோ வோல்ட் சாமான்களுக்குப் போகிறது. தாங்குவது 2.5. ஜன்னலில் பச்சை, பெட்டி புதிது, ஆனால் டி.வி. போய்விட்டது.

அதே கருவிக்கு மொத்த வயர் அரை மீட்டர் என்றால் 0.6 கிலோ வோல்ட்தான் கூடும், 2.1இல் நிற்கும். பேஸ் பக்கமும் எர்த் பக்கமும் சேர்த்து அரை மீட்டருக்கு மேல் போகாதே என்ற விதி இதிலிருந்து வந்ததுதான். வயரைத் தடிமனாக்கி நீளத்தை ஈடுகட்ட முடியாது. 6 ஸ்கொயருக்குப் பதில் 16 ஸ்கொயர் (சதுர மி.மீ.) போட்டாலும் இண்டக்டன்ஸ் கொஞ்சமே குறையும்.

நீளத்தை முழுவதுமே ஒழிக்க ஒரு வழி உண்டு: வி வடிவ இணைப்பு. மெயினிலிருந்து வரும் வயர் நேராக எஸ்.பி.டி. முனைக்கு வந்து, அதே முனையிலிருந்து அடுத்த வயர் கிளம்பி ஆர்.சி.சி.பி.க்குப் போகும். கிளை வயர் என்பதே இல்லாததால் அந்தப் பக்கத்து வோல்ட்டேஜும் இல்லை. முனை இரண்டு வயரை ஏற்குமா, வீட்டு மின்னோட்டத்தைத் தாங்குமா என்று பெட்டியின் குறிப்பேட்டில் பார்த்துக்கொள்ள வேண்டும். 10 ஸ்கொயர் வயர் உள்ள வீட்டு மெயினுக்குப் பல கருவிகள் ஒத்துவரும்.

எர்த்: தனியாக ஓடவிடாதீர்கள்

எஸ்.பி.டி.க்கு என்று புதிதாக ஒரு குழி தோண்டி, அதிலிருந்து தனி வயர் கொண்டுவந்து கட்டுவது பரவலான பழக்கம். 'கம்ப்யூட்டர் எர்த்' என்று ஒன்றைத் தனியாக வைப்பதும் இதே மாதிரிதான். நல்ல எண்ணத்தில் செய்வதுதான். ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். குழியின் ரெசிஸ்டன்ஸ் 2 ஓம் என்ற அருமையான அளவாகவே இருக்கட்டும். 10 கிலோ ஆம்பியர் அதில் இறங்கும்போது அந்தக் குழி 20 கிலோ வோல்ட்டுக்கு எழும்பும். சாமான்களின் உடம்பு பழைய குழியோடு தரைமட்டத்தில் நிற்கும். இரண்டுக்கும் நடுவில் உள்ள அந்த 20 கிலோ வோல்ட் டி.வி.க்குள்ளும் கம்ப்யூட்டருக்குள்ளும்தான் தாண்டும்.

வெள்ளம் ஏறும்போது எல்லோரும் ஒரே தெப்பத்தில் இருந்தால் யாருக்கும் ஒன்றும் ஆகாது, எர்த்தும் அப்படித்தான். எஸ்.பி.டி.யின் எர்த், முதலில் அதே டி.பி. பாக்ஸில் (அறைகளுக்கு வயர் பிரியும் பெட்டி) உள்ள எர்த் பாருக்குப் போக வேண்டும். எல்லா அறைகளின் எர்த் வயரும் கிளம்புகிற அதே பாருக்கு. அந்தப் பாரிலிருந்து குழிக்குப் போகும் வயர் நீளமாக இருந்தாலும் சாமான்களுக்குப் பாதகமில்லை. குழிகள் இரண்டு, மூன்று இருக்கலாம். எல்லாவற்றையும் ஒன்றோடொன்று இணைத்துவிட வேண்டும். டிஷ் ஆன்டெனாவின் எர்த், சோலார் பேனல் சட்டத்தின் எர்த், இடிதாங்கியின் எர்த் எதற்கும் விலக்கு இல்லை.

இதனால் குழி எப்படி இருந்தாலும் சரி என்று ஆகிவிடாது. ஷாக் அடிக்காமல் காக்கவும், ஆர்.சி.சி.பி. ஒழுங்காக வேலை செய்யவும் ஐ.எஸ். 3043 சொல்லும் முறையில் குழி நன்றாக இருக்க வேண்டும்.

வாங்க வேண்டியவை

மூன்று பேஸ் வீட்டுக்கு: 3+1 டைப் 2 எஸ்.பி.டி. ஒன்று, கார்ட்ரிட்ஜ் கழற்றி மாட்டும் வகையாக. டின் ரெயிலில் (பெட்டிக்குள் கருவிகளை மாட்டும் பட்டை) 4 மாட்யூல், அதாவது ஏறத்தாழ 72 மி.மீ. இடம் வேண்டும். சிங்கிள் பேஸுக்கு 1+1; 2 மாட்யூல், 36 மி.மீ. செம்பு வயர் 6 ஸ்கொயர்: பேஸுக்குச் சிவப்பு, மஞ்சள், நீலம், நியூட்ரலுக்குக் கறுப்பு, எர்த்துக்குப் பச்சை, ஒவ்வொன்றிலும் அரை மீட்டர் தாராளம். டைப் 1 என்றால் எர்த் வயர் 16 ஸ்கொயர். மல்டி ஸ்டிராண்ட் வயருக்கு முனை உறைகள், அவற்றை நசுக்கும் கிரிம்பிங் பிளையர். எர்த் பார் இல்லாத பழைய பாக்ஸ் என்றால் அதுவும் ஒன்று.

பழைய வீடுகளில் மெயின் இன்னும் மரப் பலகையில் இருக்கும். அதன்மேல் எஸ்.பி.டி.யைத் திருகாதீர்கள். சாகும்போது சூடாகும் பொருள் அது. இரும்புப் பெட்டிக்குள்தான் இருக்க வேண்டும்.

தனி எம்.சி.பி. வேண்டுமா என்பது அடுத்த சந்தேகம். கருவியின்மேல் 'அதிகபட்ச முன் ப்யூஸ் 125 ஆம்பியர்' என்பதுபோல் ஒரு எண் இருக்கும். வீட்டு மெயின் ப்யூஸ் அதைவிடக் குறைவு என்றால் தனியாக வேண்டியதில்லை. தனியாக வைத்தால் ஒரு லாபம்: எஸ்.பி.டி. ஷார்ட் ஆனாலும் வீட்டில் வெளிச்சம் இருக்கும். நஷ்டமும் உண்டு. அந்த எம்.சி.பி. விழுந்து கிடப்பதை யாரும் கவனிக்கமாட்டார்கள், அடுத்த இடிக்குக் காப்பு இருக்காது. வைப்பதென்றால் தயாரிப்பாளர் சொன்ன அளவில் வையுங்கள். கையில் கிடைத்த 16 ஆம்பியர் எம்.சி.பி.யை வைத்தால் முதல் பெரிய சர்ஜிலேயே அது விழுந்துவிடும்.

பொருத்தும் வரிசை

1. கரண்ட் இருக்கும்போதே மூன்று அளவுகளை எடுத்துக் குறித்துக்கொள்ளுங்கள். பேஸ்–நியூட்ரல் 230 வாக்கில், பேஸ்–எர்த் அதே அளவில், நியூட்ரல்–எர்த் சில வோல்ட்டுக்குள். நியூட்ரல்–எர்த் 20, 30 என்று காட்டினால் நியூட்ரலோ எர்த்தோ சரியில்லை. அதைச் சரிசெய்யாமல் மேலே போகாதீர்கள். மல்டிமீட்டர் மின்னோட்டமே எடுக்காத கருவி. எர்த் வயர் ஒரே இழையில் தொங்கிக்கொண்டிருந்தாலும் 230 காட்டிவிடும். எர்த் டெஸ்டரோ லூப் டெஸ்டரோ வைத்தும் பாருங்கள்.

2. பேஸும் நியூட்ரலும் மாறியிருக்கிறதா என்று மெயினிலேயே டெஸ்டரால் உறுதிசெய்யுங்கள். 1+1 கருவியில் இது உயிர்ப் பிரச்சினை. மாறியிருந்தால் வாயுக் குழல் பேஸுக்கும் எர்த்துக்கும் நடுவில் வந்துவிடும். ஒரு சர்ஜில் பற்றிய தீப்பொறியை, பின்னால் வரும் 230 வோல்ட்டின் மின்னோட்டம் அணையவிடாது. அதை அணைக்கும் திறன் அந்தக் குழலுக்குக் குறைவு. நியூட்ரல் பக்கத்துக்காகச் செய்யப்பட்டது அது. போஸ்ட்டில் வேலை நடந்த பிறகும் இந்தச் சோதனையை மறுபடி செய்ய வேண்டும்.

3. மெயினை ஆஃப் செய்து, ப்யூஸ் கேரியரைக் கழற்றிச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். இன்வெர்ட்டர் யு.பி.எஸ்., சோலார் இரண்டும் பின்பக்கமாக சப்ளை கொடுக்கும். அவற்றையும் ஆஃப் செய்யுங்கள். பிறகு டெஸ்டரால் எல்லா முனைகளையும் தொட்டுப் பாருங்கள்.

4. இடத்தை முடிவு செய்யுங்கள். மெயின் ஸ்விட்ச்சுக்குப் பிறகு, ஆர்.சி.சி.பி.க்கு முன். பேஸ் மாற்றும் செலக்டர் ஸ்விட்ச் உள்ள வீட்டில் அதற்கும் முன். அப்போதுதான் மூன்று பேஸும் எப்போதும் காப்புக்குள் இருக்கும். ஆர்.சி.சி.பி.க்குப் பின்னால் வைத்தால் சர்ஜ் மின்னோட்டம் அதனூடே ஓடி எர்த்துக்குப் போகும். ஒவ்வொரு இடிக்கும் அது விழும், அல்லது உள்ளே கெடும்.

5. எர்த் பார் அருகில் இருக்கும்படி எஸ்.பி.டி.யை ரெயிலில் மாட்டுங்கள். இடம் தரவில்லை என்றால் எம்.சி.பி.க்களை நகர்த்துங்கள். அல்லது எர்த் பாரைக் கருவியின் கீழே கொண்டுவாருங்கள். நகர வேண்டியவை அவைதான், எஸ்.பி.டி.யின் வயர் நீளக்கூடாது.

6. முதலில் எர்த் வயர். பிறகு நியூட்ரல், கடைசியில் பேஸ்கள். நேராக, குட்டையாக, சுருட்டாமல். மிஞ்சிய வயரைச் சுருளாக்கி உள்ளே திணிப்பது அழகாக இருக்கும்; ஆனால் ஒவ்வொரு சுற்றும் இண்டக்டன்ஸைக் கூட்டும். வெட்டிவிடுங்கள்.

7. எஸ்.பி.டி.யின் எர்த் வயரையும், அறைகளுக்குக் கிளம்பும் வயர்களையும் ஒரே கட்டாகக் கட்டாதீர்கள். எர்த் வயரில் ஓடும் சர்ஜ், பக்கத்தில் உள்ள அறை வயரிலும் புதிதாக வோல்ட்டேஜைத் தூண்டிவிடும்.

8. திருகுகளைக் குறிப்பேட்டில் சொன்ன நியூட்டன் மீட்டர் அளவுக்கு இறுக்கி, ஒவ்வொரு வயரையும் இழுத்துப் பாருங்கள். தளர்ந்த முனை சர்ஜில் பொறி பறந்து கருகும்.

9. வீட்டு வயரிங்கை 500 வோல்ட் மெகரால் (இன்சுலேஷனை அளக்கும் கருவி) சோதிப்பதாக இருந்தால் கார்ட்ரிட்ஜுகளைக் கழற்றிய பிறகே செய்யுங்கள். கழற்றாவிட்டால் வேரிஸ்டர் வழிவிட்டு, நல்ல வயரிங்கையும் கெட்டுப்போனதாகக் காட்டும். முடிந்ததும் அந்தந்த இடத்தில் மாட்டுங்கள். நியூட்ரல்–எர்த் கார்ட்ரிட்ஜ் மற்றவற்றிலிருந்து வேறு. நல்ல தயாரிப்புகளில் இடம் மாறி நுழையாதபடி சாவி வைத்திருப்பார்கள்.

10. சப்ளை கொடுத்து ஜன்னல்கள் பச்சையா என்று பாருங்கள். ஆர்.சி.சி.பி.யின் டெஸ்ட் பட்டனை ஒருமுறை அழுத்துங்கள். முதல் படியில் எடுத்த மூன்று அளவுகளையும் மறுபடி எடுத்து ஒப்பிடுங்கள்.

பத்து மீட்டருக்கு அப்பால்

மெயினிலிருந்து வயர் வழியில் 10 மீட்டருக்கு மேல் தள்ளியிருக்கும் சாமான்களுக்கு ஒரு எஸ்.பி.டி. போதாது. சர்ஜ் அலை நீண்ட வயரின் முனையில் போய் மோதித் திரும்பும்போது வோல்ட்டேஜ் இரண்டு மடங்குவரை ஏறலாம். மீட்டர் கீழே, டி.பி. மூன்றாவது மாடியில் என்றால் மாடியில் இன்னொரு டைப் 2, அல்லது சாமான் அருகே டைப் 3 வையுங்கள்.

போர்வெல் மோட்டார் தனிக் கவனம் கேட்கும். சப்மெர்சிபிள் மோட்டார் தண்ணீருக்குள் இருக்கிறது. ஊரிலேயே சிறந்த எர்த் அதன் உடம்புதான். சர்ஜ் அதைத் தேடி மோட்டார் சுருளின் இன்சுலேஷனைத் துளைத்துக்கொண்டு இறங்கும். ஸ்டார்ட்டர் பேனலில் எஸ்.பி.டி. வைத்து, அதன் எர்த்தைப் பேனலின் எர்த்தோடும் மோட்டாருக்குப் போகும் எர்த் வயரோடும் இணைக்க வேண்டும். இரும்பு கேசிங் இருந்தால் அதையும் சேர்க்க வேண்டும். பேனலுக்கென்று தூரத்தில் ஒரு குழியை மட்டும் வைத்துவிட்டு மோட்டார் எர்த்தை மறந்தால் எஸ்.பி.டி. இருந்தும் மோட்டார் போகும்.

சோலார் பேனலின் டி.சி. (நேர் மின்னோட்டம்) பக்கத்துக்கு ஏ.சி. (மாறு மின்னோட்டம்) எஸ்.பி.டி.யை ஒருபோதும் போடக்கூடாது. ஏ.சி. விநாடிக்கு நூறு முறை பூஜ்யத்தைத் தொடும், பொறி அணைய வாய்ப்பு கிடைக்கும். டி.சி.யில் அந்த வாய்ப்பு இல்லை. பற்றியது எரிந்துகொண்டே இருக்கும். ஐ.இ.சி. 61643-31 தரத்தில் செய்த டி.சி. எஸ்.பி.டி.யை, பேனல் வரிசையின் திறந்த சுற்று வோல்ட்டேஜைவிட அதிக அளவில் வாங்குங்கள். குளிர் காலையில் அந்த வோல்ட்டேஜ் இன்னும் ஏறும் என்பதையும் கணக்கில் எடுங்கள்.

கேபிள் டி.வி., டிஷ், வெளிச்சுவரில் உள்ள சி.சி.டி.வி. கேமராவின் லேன் வயர் எல்லாமே சர்ஜுக்குப் பின்வாசல். முன்வாசலை மட்டும் பூட்டினால், ரௌட்டரும் டி.வி.ஆரும் கேபிள் பக்கத்திலிருந்து போகும். அந்த வயர்களுக்குத் தனி சிக்னல் எஸ்.பி.டி. உண்டு; அதன் எர்த்தும் அதே எர்த் பாருக்குத்தான். பக்கத்துக் கட்டடத்துக்கு நெட் கொண்டுபோவதென்றால் ஃபைபர் இழுங்கள். கண்ணாடி இழையில் சர்ஜ் வராது.

பிறகு பார்க்க வேண்டியது

பச்சை ஜன்னல் ஒன்றை மட்டும்தான் சொல்கிறது: உள்ளே இருக்கும் துண்டிப்பான் இன்னும் பிரியவில்லை. எர்த் வயர் கழன்று தொங்கினாலும் பச்சைதான். அதனால் ஜன்னலோடு சேர்த்து எர்த் வயரையும் பார்க்க வேண்டும். சித்திரை, வைகாசி கோடை இடிக்கு முன்னும், ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை தொடங்கும் முன்னும், கார்த்திகை முடிந்த பிறகும் பாருங்கள். தனி எம்.சி.பி. இருந்தால் அது மேலேதான் நிற்கிறதா என்றும் பாருங்கள். பக்கத்தில் இடி விழுந்த அன்றும், தெருவில் நியூட்ரல் போன அன்றும் நாள் பார்க்காமல் திறந்து பார்க்க வேண்டும்.

சிவப்பு வந்தால் மெயினை ஆஃப் செய்து, அந்த ஒரு கார்ட்ரிட்ஜை மட்டும் அதே தயாரிப்பாளரின் அதே யு.சி. உள்ளதாக மாற்றுங்கள். மூன்றும் ஒரே நேரத்தில் சிவப்பு ஆகியிருந்தால் புதியதை மாட்டும் முன் பேஸ்–நியூட்ரல் வோல்ட்டேஜை மூன்று பேஸிலும் அளந்து பாருங்கள்; காரணம் மின்னலைவிட நியூட்ரல் கோளாறாக இருக்கவே வாய்ப்பு அதிகம், அது சரியாகாமல் மாட்டினால் புதியதும் அன்றே போகும். மாற்றிய தேதியை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி டி.பி. கதவின் உள்பக்கம் ஒட்டிவையுங்கள்.